எப்போதும் கரண்டில் இருக்கும் பேட்டரி: பச்சை விளக்கை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பிராசசர் எது என்று பத்து கடைகளில் விசாரித்து வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குக் காவலாக இருக்கும் பேட்டரியைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. யு.பி.எஸ். என்றால் மேஜைக்குக் கீழே. இன்வெர்ட்டர் என்றால் மாடிப்படிக்குக் கீழே. வைத்த இடத்தில் அது இருக்கும். பிளக் சொருகியே இருக்கும். பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். நாமும் மறந்து விடுவோம்.

அந்தப் பச்சை விளக்கை நம்பலாமா என்பதுதான் இந்தக் கட்டுரை. எப்போதும் மின் இணைப்பிலேயே இருக்கும் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது, அதை எப்படிப் பராமரிப்பது, இருக்கிறதா செத்துவிட்டதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு மழை இரவில் நடந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணியில் வெள்ளம் கரை புரண்டது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் என் அத்தான் வீட்டில் அன்று இரவு கரண்ட் போனது. கவலைப்படவில்லை. நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஏ.எச். பேட்டரி இருக்கிறது, ராத்திரி முழுக்க ஓடும் என்று நினைத்தார்கள்.

சரியாக இருபது நிமிடம் ஓடியது. பிறகு "பீப்... பீப்..." என்று கத்திவிட்டு அணைந்தது. அதோடு மோடமும் அணைந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கேட்கவும் வழியில்லை. கம்ப்யூட்டரில் மகள் அடித்துக்கொண்டிருந்த கல்லூரி ப்ராஜெக்ட் கடைசியாக சேவ் செய்த இடத்தோடு நின்றது.

கரண்ட் வந்த பிறகு நான் போய்ப் பேட்டரியின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆறு அறைகளில் நான்கில் தண்ணீர் தகடுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"அத்தான், எப்பம் தண்ணி ஊத்துனீக?"

"தண்ணியா? எப்பமும் பச்ச லைட்டுதான மாப்ள எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சி!"

தவறு அத்தானுடையது மட்டுமல்ல. நம்மில் பலர் வீட்டிலும் இதுதான் நிலைமை.

வேலை இல்லாததும் பேட்டரிக்குப் பிரச்சினைதான்

தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின் நிலையம் வந்தாயிற்று. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. இவ்வளவு இருந்தும் நாம் இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்று வீசும் மாதங்களில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

அன்று பேட்டரிக்கு ஓயாத வேலை. தினமும் காலியாகும், தினமும் நிரம்பும். தண்ணீர் குறைந்தாலோ பலம் குறைந்தாலோ அன்றே தெரிந்துவிடும். ஊற்றிவிடுவோம் அல்லது மாற்றிவிடுவோம்.

2014-க்குப் பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. இப்போது பராமரிப்புக்காக அறிவித்துச் செய்யும் மின்தடையும், மழைக் காற்றில் வரும் தடையும்தான் பெரும்பாலும் நம் கணக்கில் வருகின்றன. அதாவது பேட்டரி மாதத்தில் பெரும்பகுதி சும்மா இருக்கிறது. ஆனால் சார்ஜர் சும்மா இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் பேட்டரிக்குள் கரண்டைச் செலுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் இதுபோன்ற வண்டிகளிலேயே குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்கள் நிறைய. வண்டியை எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனி. உள்ளே விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கு ஒரு பேட்டரி தனி. முகாம் இடத்தில் வண்டியை நிறுத்தி வெளி மின்சாரத்தில் பிளக் செய்துவிட்டால் மாதக் கணக்கில் அந்த வீட்டு பேட்டரிக்கு வேலை கிடையாது. ஆனால் சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி மலைக்குக் கிளம்பும் நாளில்தான் பேட்டரி காலி என்று தெரியும். நம் மாடிப்படிக்குக் கீழே இருப்பதும் அதே கதைதான். வண்டி மட்டும் இல்லை.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

நாம் பயன்படுத்தும் ஈய-அமில பேட்டரியை பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே 1859-ல் கண்டுபிடித்தார். அடிப்படை இன்றும் மாறவில்லை. ஈயத் தகடுகள், அவற்றைச் சுற்றித் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். ஒரு அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட்.

பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற பொருள் படிகிறது. சார்ஜ் செய்யும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

முதலாவது, அரைகுறை சார்ஜ். காலியான பேட்டரியை உடனே நிரப்பாமல் வாரக் கணக்கில் விட்டால், படிந்த சல்பேட் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. அந்தப் பகுதி தகடு வேலை செய்யாது.

இரண்டாவது, அளவுக்கு மீறிய சார்ஜ். நிரம்பிய பேட்டரிக்கு மேலும் மேலும் கரண்டைத் திணித்தால், அந்தக் கரண்ட் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற வாயுக்களாகப் பிரித்துவிடும். தண்ணீர் குறையும். தகடுகள் அரிக்கப்படும். பேட்டரி சூடாகும்.

நல்ல சார்ஜர் இந்த இரண்டையும் தவிர்க்க மூன்று கட்டமாக வேலை செய்கிறது. குழாயில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காலிக் குடத்தை வைத்ததும் குழாயை முழுக்கத் திறக்கிறோம். கழுத்துவரை வந்ததும் குறைக்கிறோம். நிரம்பியதும் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். ஆவியாகிற அளவு மட்டும் ஈடுகட்டினால் போதும்.

முதல் கட்டத்தில் சார்ஜர் தன்னால் முடிந்த ஆம்பியரை முழுதாகக் கொடுக்கும். வீட்டு இன்வெர்ட்டர்களில் இது பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர். இரண்டாம் கட்டத்தில் வோல்டேஜை 14.2 முதல் 14.4 வரை பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். மூன்றாவது கட்டம் ஃப்ளோட் எனப்படுவது. 13.5 முதல் 13.8 வோல்ட் வரை மட்டும் வைத்து, பேட்டரியை நிரம்பிய நிலையில் பிடித்து வைத்திருக்கும். எப்போதும் கரண்டில் இருக்கும் பேட்டரி தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பது இந்த மூன்றாவது கட்டத்தில்தான்.

ஃப்ளோட் சரியாக இருந்தாலும் தண்ணீர் மெதுவாகக் குறையத்தான் செய்யும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். பேட்டரியின் ஆயுளைப் பொதுவாக 25 டிகிரி வெப்பத்துக்குத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. வெயில் படும் பால்கனியில் பேட்டரியை வைத்தவர்களுக்கு அது ஏன் சீக்கிரம் போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

பச்சை விளக்கு சொல்லாத விஷயம்

பாபநாசம் அணை 143 அடி. இன்று எத்தனை அடி என்று மழைக் காலத்தில் பேப்பரில் பார்க்கிறோம். ஓர் அணையின் அடியில் பாதி வரை வண்டல் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் அப்போதும் முழு அடியைத்தான் காட்டும். ஆனால் மதகைத் திறந்தால் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பச்சை விளக்கும் அப்படித்தான். அது காட்டுவது வோல்டேஜ் என்ற உயரத்தை மட்டும். உள்ளே எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பலமிழந்த பேட்டரி நல்ல பேட்டரியை விடச் சீக்கிரமாகவே "ஃபுல்" என்று காட்டும். சிறிய குடம் சீக்கிரம் நிரம்பத்தானே செய்யும்? கொள்ளளவு தெரிய வேண்டுமானால் ஒரே வழி, வேலை கொடுத்துப் பார்ப்பதுதான்.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

சோதிக்கும் முன் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எளிது.

பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 12 x 150 = 1,800 வாட் அவர். இதில் 80 சதவீதம் வரை எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 1,440. இன்வெர்ட்டருக்குள் வெப்பமாக வீணாவது போக அதில் 80 சதவீதம் கைக்கு வரும். ஆக சுமார் 1,150 வாட் அவர்.

இனி உங்கள் வீட்டு லோடைக் கூட்டுங்கள்:

- டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்: 120 வாட்
- எல்.இ.டி. மானிட்டர்: 25 வாட்
- சாதாரண சீலிங் ஃபேன்: 75 வாட்
- எல்.இ.டி. பல்பு இரண்டு: 18 வாட்
- இன்டர்நெட் மோடம்: 12 வாட்

மொத்தம் 250 வாட். 1,150-ஐ 250-ஆல் வகுத்தால் சுமார் நாலரை மணி நேரம்.

டெஸ்க்டாப்புக்குப் பதில் 50 வாட் எடுக்கும் லேப்டாப்பும், 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனும் இருந்தால் மொத்தம் 110 வாட்தான். அதே பேட்டரி பத்து மணி நேரம் ஓடும். பெரிய பேட்டரி வாங்கும் முன் லோடைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

இது புதிய பேட்டரிக்கு உரிய கணக்கு. மூன்று நான்கு வருடப் பேட்டரி இதில் முக்கால் பங்கு ஓடினால் நல்லது. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மேஜைக்குக் கீழே இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரிதான் இருக்கும். காகிதத்தில் 84 வாட் அவர். வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதி கூடக் கைக்கு வருவது கஷ்டம். ஒரு டெஸ்க்டாப்புக்கு பத்து, பதினைந்து நிமிடம் கிடைக்கும். அது வேலையைத் தொடர்வதற்கான நேரம் அல்ல. சேவ் செய்துவிட்டு ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்கான நேரம்.

மாதம் ஒரு நாள்: செய்ய வேண்டியவை

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும்.

1. வேலை கொடுங்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் மெயின் சப்ளையை மட்டும் நிறுத்துங்கள். வழக்கமான லோடை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஓட விடுங்கள். விளக்கு மங்குகிறதா, பீப் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். முடிந்ததும் சப்ளையைக் கொடுத்து முழுதாகச் சார்ஜ் ஆக விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், இன்னும் நீண்ட நேரம் ஓடவிட்டு நிமிடக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சென்ற வருடக் கணக்கோடு ஒப்பிட்டால் பேட்டரியின் வயது தெரிந்துவிடும். இந்தச் சோதனையின்போது கம்ப்யூட்டரில் முக்கிய வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

2. தண்ணீர் பாருங்கள். ட்யூபுலர் பேட்டரிகளின் மேல் மிதவைக் குச்சிகள் இருக்கும். பச்சைக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே இருந்தால் சரி. சிவப்பைத் தொட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கூடியவரை முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுவது நல்லது. சார்ஜ் ஆகும்போது அமில மட்டம் உயரும், முன்னமே விளிம்புவரை ஊற்றினால் பொங்கி வழியும். ஆனால் தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு உடனே ஊற்றிவிட்டு மீதியை சார்ஜுக்குப் பிறகு ஊற்றுங்கள்.

3. எந்தத் தண்ணீர்? டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க இனிக்கும். ஆனால் பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆர்.ஓ. தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட்டும் ஊற்றக் கூடாது. குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

4. டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் மெயின் சப்ளையையும் இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. போல்ட்டை இறுக்கி மேலே வாசலின் தடவுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் கையில் வேண்டாம். ஸ்பானர் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

5. தொட்டுப் பாருங்கள். நீண்ட நாள் கரண்ட் போகாமல் இருக்கும்போதும் பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் சூடாக இருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ சார்ஜர் அல்லது பேட்டரியில் கோளாறு. இன்வெர்ட்டரின் மெயின் சப்ளையை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால்

எலெக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். டி.சி. வோல்ட் 20 என்ற இடத்தில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள்.

கரண்ட் இருக்கும்போது: பேட்டரி முழுதாக நிரம்பிய நிலையில் 13.5 முதல் 13.8 வரை காட்டினால் ஃப்ளோட் சரியாக இருக்கிறது. நாட்கணக்கில் 14.4-க்கு மேலேயே நின்றால் சார்ஜர் திணித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கடி தண்ணீர் குறைவதற்கு அதுதான் காரணம். 13.2-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் போதவில்லை.

ஓய்வில்: முழு சார்ஜ் ஆன பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, நாலைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.5 முதல் 12.7 வரை இருந்தால் நிரம்பிய பேட்டரி. 12.2 என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழ் என்றால் ஏறக்குறையக் காலி. முழு சார்ஜுக்குப் பிறகும் இரண்டு வோல்ட் வரை குறைவாக, அதாவது பத்தரை அளவில் நின்றால் ஆறில் ஓர் அறை செத்துவிட்டது என்று அர்த்தம்.

யு.பி.எஸ். மோடா? நார்மல் மோடா?

இது பலர் கவனிக்காத விஷயம். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ.

யு.பி.எஸ். மோடில் இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பேட்டரிக்கு மாறும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் இந்த மோடில் அது கொஞ்சம் கறாரானது. வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கினால் "கரண்ட் இல்லை" என்று முடிவு செய்து பேட்டரிக்கு மாறிவிடும். வயல் மோட்டார்கள் ஓடும் கிராமப்புற லைன்களில் வோல்டேஜ் இறங்குவது சகஜம். தெருவில் எல்லார் வீட்டிலும் கரண்ட் இருக்கும். உங்கள் வீடு மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் சார்ஜும் ஆகாது. ராத்திரி நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரி காலி.

நார்மல் மோடில் இன்வெர்ட்டர் 100, 120 வோல்ட் வரை கூடப் பொறுத்துக்கொள்ளும். பேட்டரி வீணாகாது. ஆனால் மாறும் நேரம் கொஞ்சம் அதிகம்; கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

என்ன செய்யலாம்? லோ வோல்டேஜ் உள்ள வீடு என்றால் இன்வெர்ட்டரை நார்மல் மோடில் வைத்து, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சிறிய யு.பி.எஸ். போடுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். அதன் உள்ளேயே பேட்டரி இருக்கிறது. வோல்டேஜ் சீராக உள்ள வீட்டில் யு.பி.எஸ். மோடே போதும்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் வகை என்றால், சிறிய யு.பி.எஸ். அந்தக் கரண்டை ஏற்காமல் தன் பேட்டரிக்குத் தாவி, பத்து நிமிடத்தில் அணைந்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் ஏற்றது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் எதிலும் மாட்டாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் கரண்டை இவை தாங்காது.

லேப்டாப்பை எப்போதும் சொருகியே வைக்கலாமா?

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. அதன் குணம் வேறு. ஈய பேட்டரிக்கு நிரம்பியிருப்பது பிடிக்கும்; லித்தியம் அயனுக்கு எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பது பிடிக்காது. அதோடு சூடும் சேர்ந்தால் சீக்கிரம் பலமிழக்கும், சில சமயம் உப்பும்.

அதனால் பல கம்பெனிகள் சார்ஜை 80 சதவீதத்துக்கு அருகில் நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. லெனோவா என்றால் வான்டேஜ் என்ற அப்ளிகேஷனில் கன்சர்வேஷன் மோட். ஆசுஸ் என்றால் மைஆசுஸ் அப்ளிகேஷனில். எச்.பி., டெல் மாடல்கள் பலவற்றில் பயாஸ் செட்டிங்கில் பேட்டரி பகுதிக்குள் இருக்கும். ஆண்டு முழுவதும் மேஜையில் பிளக்கோடு இருக்கும் லேப்டாப் என்றால் இதை ஆன் செய்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அன்று மட்டும் 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் வேர்டில் ஆட்டோ ரெக்கவர் நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறையுங்கள். யு.பி.எஸ்.ஸில் யு.எஸ்.பி. இணைப்பு இருந்தால் கம்ப்யூட்டரோடு இணைத்து, பேட்டரி குறையும்போது தானாக ஹைபர்னேட் ஆகும்படி விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் செட் செய்யலாம். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலை காப்பாற்றப்படும்.

பாதுகாப்பு முக்கியம்

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்று பார்த்தோம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக் கூடியது. எனவே பேட்டரியை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம். பூஜை அறை ஓரத்தில், விளக்கு ஏற்றும் இடத்துக்கு அருகில் வைக்கவே வேண்டாம். மேலே துணி, பேப்பர் அடுக்காதீர்கள். காற்றோட்டம் உள்ள, வெயில் படாத இடம் வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கரண்ட் போய்விட்டது, மெயினையும் ஆஃப் செய்துவிட்டோம், இனி ஒயரைத் தொடலாம் என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் ஆனில் இருந்தால் அந்த லைனில் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஒயரிங் வேலைக்கு முன் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை வீடுகளில் பேட்டரியைத் தரையில் வைக்காமல் உயரமான ஸ்டாண்டில் வையுங்கள். வெள்ளம் வீட்டுக்குள் வரும் போலிருந்தால், தண்ணீர் வருமுன் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாதம் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியூர் போகிறோம். இன்வெர்ட்டரை என்ன செய்வது?
வீட்டு மெயினை ஆனில் விட்டுப் போவதாக இருந்தால், தண்ணீர் பார்த்துவிட்டு இன்வெர்ட்டரைச் சார்ஜிலேயே விடலாம். மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போகிறீர்கள் என்றால், முழு சார்ஜ் ஆனதும் இன்வெர்ட்டரை அணைத்து பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி விடுங்கள். மெயினை மட்டும் அணைத்து இன்வெர்ட்டரை ஆனில் விட்டுப் போவதுதான் மிகப் பெரிய தவறு. ஆளில்லாத வீட்டில் பேட்டரி காலியாகி, சல்பேட் கெட்டியாகி, நீங்கள் திரும்பும்போது உயிர் இருக்காது.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்து மாட்டலாமா?
வேண்டாம். இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

லித்தியம் பேட்டரி வாங்கி பழைய இன்வெர்ட்டரில் போடலாமா?
தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் கையேட்டில் லித்தியம் என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் போடுங்கள்.

செத்த பேட்டரியை இரும்புக் கடையில் போடலாமா?
கூடாது. அதில் உள்ள ஈயம் மண்ணுக்கும் நீருக்கும் விஷம். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். எடைக்கு ஏற்ப விலையில் கழித்துக்கொள்வார்கள்.

மோடம் மட்டும் ஓடினால் போதும் என்றால்?
அதற்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

முடிவாக

அத்தான் வீட்டில் இப்போது புதிய பேட்டரி இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு மேலே காலண்டர் மாட்டி, மாதம் ஒரு ஞாயிறு சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். அன்று டிஸ்டில்டு வாட்டர் கேனோடு படிக்குக் கீழே குனிவது கல்லூரி முடித்த அந்த மகள்தான். ப்ராஜெக்ட் போன கோபம் அவளுக்குத்தானே தெரியும்!

நீங்களும் இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் உங்கள் பேட்டரியின் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பச்சை விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.